மேனிஃபோல்டில் குங்குமம்

ஆடிப்பெருக்கு அன்று என் மனைவி மட்டுவார்குழலியைப் பின்னால் உட்கார வைத்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவது என்று முடிவு செய்தேன். அதுவும் அவள் அப்பாவின் பழைய பைக்கில். மாமனார் வீரமலை விட்டுப்போன அந்த வண்டி, பாலக்கரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பிரித்து மாட்ட நான் யாரையும் கூப்பிடவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்காரன் நான். விடுப்பு விண்ணப்பப் பிரிவுதான். ஆனால் சுத்தியல் சத்தம் எங்கள் ஜன்னல் வரைக்கும் நன்றாகக் கேட்கும்.

முதல் வேலையாகப் புதுச் சாரி கார்டு வாங்கி மாட்டினேன். குழலியின் சேலை சக்கரத்தில் சிக்கக் கூடாதே. பிறகு இன்ஜின். எல்லாம் முடிந்தது, மேனிஃபோல்டைத் தவிர. கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற சின்ன அலுமினியக் குழாய் அது, இரண்டே நட்டு. எப்படி மாட்டினாலும் இடுக்கில் காற்று புகுந்தது. கிக்கரை உதைத்தால் ஊரைக் கூட்டும். அடுத்த நொடி இருமிவிட்டு அணையும். நட்டை இன்னும் இறுக்கினேன். இன்னும் இருமியது.

நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று குழலி கேட்டாள். இது மிக்ஸி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பிலோமின்ராஜ் கணக்கு வாத்தியார். அவரிடமும் அதே மாதிரி ஒரு கிழட்டு வண்டி. என்னுடையதைப் போலவே அதுவும் இருமிக்கொண்டிருந்தவரை அவர் மிகவும் நல்ல மனிதர். ஒருநாள் காலை அது ஒரே உதையில் கிளம்பி, நின்ற இடத்தில் நிதானமாக டுப் டுப் என்றது. குழலி தோசைத் திருப்பியோடு வாசலுக்கு ஓடினாள்.

"கேட்டீங்களா? எவ்வளவு சீரா நிக்குது பாருங்க."

"புகை வருது" என்றேன்.

"வரலையே."

"வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் குரலை அவள் ஒரு தடவைகூட இப்படிக் கண்ணை மூடிக் கேட்டதில்லை. யார் சரி செய்தது என்று பிலோமின்ராஜைக் கேட்டேன். சொல்லக் கூடாது என்று கண்டிஷன் சார் என்று நெளிந்தார். நெளிந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சூட்டில்தான் வாய் விட்டேன். "ஆடிப்பெருக்குக்குள்ள நான் இதை ஓட வைக்கலைன்னா, அந்த ஆளு வண்டியைச் சரி பண்ணவன் கையிலேயே சாவியைக் கொடுத்திடறேன். அவனே வச்சுக்கட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றாள் குழலி. ஆமாம் என்றேன். மறுபடியும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

மறுநாள், வாத்தியார் வீட்டுக்குள் இருந்த சமயம், குனிந்து அவர் வண்டியின் மேனிஃபோல்டைப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். தொட்டு மோந்தேன். குங்குமம். ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவர் வண்டியில் குங்குமம். அதுவும் தாழம்பூ வாசனையோடு, எங்கள் வீட்டுச் சிமிழில் இருக்கிற அதே குங்குமம்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். ஊரார் விடுப்புக்கு எழுதும் பொய்களையெல்லாம் படித்தவன், முதல் தடவையாக நானே ஒன்று எழுதினேன். டிபன் பாக்ஸோடு கிளம்பி, தெருவைச் சுற்றி, பின்சந்து வழியாக வந்து கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினேன்.

பிலோமின்ராஜ் என் கொல்லையில்தான் இருந்தார். டார்ச் பிடித்துக்கொண்டு பயபக்தியாக நின்றார். கீழே பலகை போட்டு உட்கார்ந்திருந்த குழலி, பழைய முகம் பார்க்கும் கண்ணாடியில் குங்குமத்தை எண்ணெய் விட்டுக் குழைத்து மெல்லிசாகப் பூசினாள். என் வண்டியின் மேனிஃபோல்டை அதில் ஒற்றி எடுத்தாள். சிவப்பு ஒட்டிய இடம் மேடு. அதை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினாள். பிறகு மறுபடியும் ஒற்றினாள். ஓரத்தில் இன்னொரு வண்டியும் காத்திருந்தது. அடுத்த தெரு முஜிபுர் ரஹ்மானுடையது.

"உள்ள வாங்க" என்றாள், திரும்பாமலே. "செவத்துக்கு மேல உங்க வழுக்கை பளபளக்குது."

சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.

"ஒரே நட்டை இறுக்கி இறுக்கி அதோட முகத்தையே வளைச்சிட்டீங்க. ரெண்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். அப்பா இன்ஜினைப் பிரிச்சா பக்கத்துல ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான்தான்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"மிக்ஸி இல்லைன்னு சொல்லிட்டீங்களே."

மாட்டி முடித்து ஒரே உதை. மாமனார் வண்டி டுப் டுப் என்றது. எனக்கே கண்ணை மூடிக் கேட்கத் தோன்றியது. குழலி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். சாட்சிக்கு வாத்தியார் இருந்தார்.

ஆடிப்பெருக்கு அன்று குழலி சுடிதாரில் வண்டியைக் கிளப்பினாள். மடியில் சித்ரான்னத் தூக்கோடு நான் பின்னால். காவிரிப் பாலத்தில் போகும்போது, மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு அவள் காதருகே சொன்னேன்.

"என்ன இருந்தாலும் அந்தச் சாரி கார்டு நான் மாட்டினது."

"அதைக் காலையிலயே கழட்டிட்டேங்க. இனிமே பின்னாடி உட்கார்றது நீங்கதானே."