நாளைய வெயிலை அறிவிக்கும் பொறுப்பு

முரசுமோட்டை

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

ரொறன்ரோவில் நீங்களும் அக்காவும் குளிருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் உங்கள் ஒப்பந்தத்துக்குள் சுகமாக இருக்கிறோம்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, நாளைக்கு எவ்வளவு வெயில் எறிக்கும் என்று பக்கத்துக் காணி ஏரம்பு அண்ணைக்கு வட்ஸ்அப்பில் அறிவித்ததுதான். தேத்தண்ணி அதற்குப் பிறகு. கரண்ட் அனுப்பும் அட்டவணையை முதல்நாளே கொடுக்கவேண்டும் என்பது நீங்கள் எழுதிய நாலாம் பிரிவு அல்லவா?

நீங்கள் வாங்கித் தந்த சோலர் இருப்பது என் கூரையில். கரண்ட் வேண்டியது தங்கச்சி அருந்ததிக்கு. அவளுடைய புதுவீட்டுப் பக்கம் இன்னும் மின்கம்பம் வரவில்லை; கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை வாங்கி, அதை நம்பித்தான் சீவிக்கிறாள். நடுவில் ஏரம்பு அண்ணையின் காணி. "சும்மா தந்தா எனக்கு வேண்டாம்" என்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக, மாகாணம் விட்டு மாகாணம் மின்சாரம் அனுப்ப ஒப்பந்தம் எழுதும் நீங்கள், வேலி விட்டு வேலி அனுப்பவும் ஒன்று எழுதினீர்கள். நான் உற்பத்தியாளர், அவள் கொள்வனவாளர், ஏரம்பு அண்ணை கடத்துநர். கம்பி சும்மா தொங்கினாலும் அவருக்குக் கட்டணம். வருகிற கரண்ட் அட்டவணைக்குக் குறைந்தால் நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே. பாவம், மனிசன் இப்போது வயலுக்கும் போவதில்லை. சுவிச்சுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நான் "நல்ல வெயில்" என்று அறிவித்திருக்க, வானம் ஒப்பந்தத்தை வாசிக்காமல் இருண்டுவிட்டது. சோலரின் பற்றறி இறங்கியது. குஞ்சுகள் பொரிக்கிற கடைசி நாட்கள். ஏரம்பு அண்ணையிடம் ஓடிப்போனேன்.

"பிள்ளை, நீ சொன்ன அளவு வரேல்லை. நான் சட்டப்படி நிப்பாட்டிப்போட்டன்."

"அண்ணை, உள்ளுக்கு முட்டை கிடக்குது!"

"ஒப்பந்தத்தில முட்டையைப் பற்றி ஒண்டும் இல்லையே. புது அட்டவணை தா, நாளைக்குப் போடுறன்."

அருந்ததி வேலியால் எட்டிப்பார்த்து, "அக்கா, உங்கட வெயில் என்னவாம்?" என்று கேட்டாள்.

உள்ளே இருந்து ஏரம்பு அண்ணையின் மனுசி, தன் அடைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தா. "நீங்கள் சுவிச்சைக் காவல் காத்துக்கொண்டு இருங்கோ" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, வேலிக்கு மேலால் கோழியை அருந்ததியிடம் நீட்டினா. பிறகு ஒழுங்கையில் வீடு வீடாக ஓடி, அடை கிடந்த கோழிகளையெல்லாம் தூக்கி வந்தோம். அவை எதிலும் கையெழுத்திடாமல், மழை கொட்டக் கொட்ட, முட்டைகளின் மேல் போய் இருந்தன. ஒன்றிரண்டு தவிர எல்லாம் பொரித்துவிட்டன. கோழி இரவல் தந்த வீடுகளுக்கெல்லாம் அருந்ததி வழமைப்படி குஞ்சு கொடுத்தாள். கடத்துநர் வீட்டுக்கும் கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை.

ஆகவே, முகில், மழை, முட்டை மூன்றையும் சேர்த்து ஒப்பந்தத்தைத் திருத்தி விரைவில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்கிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் நோய்நொடியின்றி இருக்கவேண்டும்.

உறவின்படி மச்சாள், ஒப்பந்தப்படி உற்பத்தியாளர்,
பிரேமிளா

பி.கு.: திருத்தம் வேண்டாம், அத்தான். என் கரண்டைச் சும்மா வாங்க மாட்டேன் என்றவள், ஒரு கோழியையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்க அவளிடம் குஞ்சு இருந்தது. எனக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருக்கிறது? இத்தனை வருடத்தில் நான் அவளிடம் எதையும் கேட்டதே இல்லை. கம்பியைக் கழற்றப்போகிறேன். நாளைக்குப் போய், "எனக்கும் கொஞ்சம் முட்டை பொரிக்கவேணும், உன்ர பெட்டியைக் கொண்டுவந்து எங்கட வீட்டில வையன்" என்று கேட்கப்போகிறேன். இதை இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. நீங்களும் அக்காவிடம் மூச்சுவிடாதேங்கோ. என்னிடம் ஒரு கோழிகூட இல்லை. முட்டையை ஏரம்பு அண்ணையிடம்தான் வாங்கவேண்டும்.