மாப்பிள்ளைக்கு வைத்த எண்ணெய்

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
8 நவம்பர் 1998

மரியாதைக்குரிய மச்சான் சுவாமிநாதன் அவர்களின் சமூகத்துக்குச் சேனாபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உடம்பை மட்டும் கேட்டால் எல்லோரும் நலம்தான். எனக்குச் சர்க்கரை ஏறிய இடத்திலேயே நிற்கிறது, உங்கள் தங்கை தனபாக்கியத்துக்கு வலி அதே முழங்காலில்தான் இருக்கிறது. கோபியில் மழை உண்டா, மஞ்சள் என்ன விலை போகிறது, அக்கா சௌக்கியமா என்றெல்லாம் நான் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளவும். எனக்கு நேரம் கிடையாது. தனபாக்கியம் கோயிலுக்குள் அர்ச்சனைக்கு நிற்கிறாள். நான் கோயில் பார்க்கிங்கில் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் பேசினால் அவள் இன்னொரு அறையில் இன்னொரு ரிசீவரை எடுத்துக் கேட்பாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டுச் சட்டை சரியாக இருந்ததா? தலை தீபாவளி நன்றாக நடந்ததா? சட்டை சரியாக இருந்தது. உங்கள் ஊர் டெய்லர் அளவைப் பார்த்துவிட்டு, "இது ஆளுக்குங்களா, முனியப்பன் சாமிக்குங்களா?" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நம் மாப்பிள்ளை டெரல் ஆறு அடி எட்டு அங்குலம், டெய்லர் மேல் தப்பில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று தாய்மாமன் நீங்கள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, தலை தீபாவளிக்குச் சட்டையும் சேலையும் எடுத்து அனுப்பினீர்களே, அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் தங்கை அரை நாள் அழுதாள். அதற்காகவாவது இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் எழுத ஆசைதான். ஆனால் நடந்ததைத்தானே எழுத முடியும்.

முதலில் மாப்பிள்ளையின் உத்தியோகம் என்ன என்று உங்களுக்கு ஒழுங்காக யாரும் சொல்லவில்லை. கூடைப்பந்து ஆடுகிறார் என்றதும் நீங்கள், "அதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பசங்க சமாச்சாரமல்ல?" என்று கேட்டீர்கள். இந்த நாட்டில் அதற்குப் பெரிய லீக் இருக்கிறது. அதில் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. காலேஜ் முடித்து ஒரு வருஷம் சின்ன ஊர்களில் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு பஸ்ஸிலேயே தூங்கியிருக்கிறார். அப்புறம் ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே ஒரு கிளப்புக்கு இரண்டு அமெரிக்கர்கள்தான் இருக்கலாம் என்று கணக்கு. இம்போர்ட் என்று அவர்களுக்குப் பெயர். அணி ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்தார்கள். தோற்றால் இம்போர்ட் தோற்றான். இரண்டு ஆட்டம் சரியில்லை என்றால் அமெரிக்காவில் வேறு ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்களாம். புது அமெரிக்கன் வந்து இறங்குகிற வாரமே பழைய அமெரிக்கன் மூட்டை கட்ட வேண்டும். அதே வீடு, அதே படுக்கை, அதே கார். கார்க் கதவில் ஆட்டக்காரனின் படத்தைப் பெரிதாக ஒட்டியிருப்பார்கள். அதை மட்டும் உரித்துவிட்டுப் புதுப் படம் ஒட்டுவார்கள். முதல் கிளப்பில் கணுக்கால் பிசகியபோது மாப்பிள்ளையை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டதே அந்தக் கார்தானாம், கதவில் பாதி உரித்த முகத்தோடு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு அவர் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் மச்சான், நானும் இம்போர்ட்தான். எழுபத்து மூன்றில் வந்தவன், மூன்று கம்பெனியில் சீட்டுக் கிழிந்து நாலாவது கம்பெனியில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் கொதிகலன் பார்ப்பதை யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்த்து, "இந்த ஆளை மாற்று" என்று கத்தவில்லை. மாப்பிள்ளைக்கு அதுவும் உண்டு. இரண்டாவது கிளப்பில் கோச் மாறியதும் சீட்டுக் கிழிந்தது. இப்போது இருப்பது மூன்றாவது கிளப், வடக்கே ஒரு கரும்பு ஊர். போன வருஷம் முழங்கால் வீங்கி இங்கே வந்திருந்தபோதுதான் பிசியோதெரபிக்கு நம் மகள் வான்மதியிடம் போனார். முழங்கால் சரியாயிற்று, மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆவணியில் கல்யாணம், புரட்டாசியில் இரண்டு பேரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

இதில் இன்னொரு கொடுமை. இத்தனை வருஷமாக அந்த லீகை அவர்கள் ஊர்க் குளிர்காலத்தில் நடத்தினார்கள். தீபாவளி சமயத்தில் மாப்பிள்ளை சும்மாதான் இருப்பார். பார்த்துப் பார்த்து இந்த வருஷம்தான் லீகைக் கோடைக்கு மாற்றினார்கள். அவர்களுக்குக் கோடை என்றால் நமக்கு ஐப்பசி. தலை தீபாவளியன்றே சாயங்காலம் மாப்பிள்ளைக்கு ஆட்டம். சம்பந்தியம்மா பிளெயின்ஃபீல்டிலிருந்து போன் பண்ணி, "லீக்கில் யாரும் உங்கள் பண்டிகைக் காலண்டரைப் பார்க்கவில்லையா?" என்று எங்களுக்காக வருத்தப்பட்டார். சர்ச்சுக்குப் போகிற அம்மாள், அவருக்குத் தெரிந்தது அங்கே ஒருவனுக்கும் தெரியவில்லை.

நான் மனதைத் தேற்றிக்கொண்டு கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஆட்டத்தின் விவரமும் வருகிறது. எத்தனை பாயிண்ட், எத்தனை ரீபவுண்ட், எத்தனை முறை பந்தைக் கோட்டைவிட்டார் என்று அச்சடித்து வந்து காலைச் சாப்பாட்டில் தனபாக்கியத்துக்குப் படித்துக் காட்டுவேன். "இப்படியே இன்னும் ரெண்டு ஆட்டம் மோசமாப் போச்சுன்னா திருப்பி அனுப்பிச்சிருவான்" என்று விளக்கமும் சொல்வேன். அவள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "உங்குளுக்கு வேற வேலை இல்லீங்களா?" என்பாள். அவளுக்கு இதெல்லாம் காதில் ஏறவே ஏறாது. எனக்கோ ஒவ்வொரு காலையும் இதே அவஸ்தை. மாப்பிள்ளை நன்றாக ஆடினால் மகள் பூமிக்கு அந்தப் பக்கமே இருந்துவிடுவாள். மோசமாக ஆடினால் மகள் வந்துவிடுவாள், மாப்பிள்ளைக்குப் பிழைப்புப் போய்விடும். பெருமாளுக்கு முன்னால் நின்று எதைக் கேட்பது? கண்ணை மூடிக்கொண்டு, "உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

வர முடியாவிட்டால் என்ன, தலை தீபாவளி நடந்தே தீரும் என்றாள் உங்கள் தங்கை. இந்தியக் கடைகள் இருக்கிற ஐசலினுக்கு என்னைக் கார் ஓட்ட வைத்து நல்லெண்ணெய், சீயக்காய், அதிரசத்துக்கு வெல்லம் எல்லாம் வாங்கினாள். நீங்கள் எடுத்த துணியோடு ஒரே பெட்டியாகக் கட்டி அனுப்பினோம். அந்த நாட்டில் விதை, தூள், தின்பண்டம் எதையும் உள்ளே விடமாட்டார்களாம், அது எங்களுக்குத் தெரியவில்லை. துணி மட்டும் போய்ச் சேர்ந்தது. மற்றதெல்லாம் அழிக்கப்பட்டது என்று ஒரு சீட்டு வந்தது. அதிரசத்தை எப்படி அழித்திருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், தனபாக்கியம் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். இங்கே முந்தின நாள் மத்தியானம், அங்கே தீபாவளி விடியற்காலம். "அங்க சீனாக்காரங்க கடையில நல்லெண்ணெய் கிடைக்குமல்ல, அத வாங்கி வெச்சியா? அவர ஒக்கார வெச்சு நல்லா வெய்யி. தலைக்கு மட்டுமில்ல, கை, கால், தோளு, எல்லாத்துக்கும். கையில நல்லா தேய்ச்சு ஊற வெய்யி" என்கிறாள். வான்மதி பாதி இங்கிலீஷில், "அம்மா, ஹி இஸ் பால்ட், தலைல முடியே இல்ல. அண்ட் கேம் இருக்கு டுநைட்" என்று கெஞ்சுகிறாள். "மொட்டைத் தலைக்கும் தலை தீபாவளி உண்டு" என்று இவள் முடித்துவிட்டாள். மாமியார் சொல்லிவிட்டார் என்றதும் மாப்பிள்ளை மறுபேச்சு இல்லாமல் பாத்ரூம் ஸ்டூலில் உட்கார்ந்தாராம். சீனாக் கடை எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, கெட்டி. சீயக்காயோ அழிக்கப்பட்டுவிட்டது. சோப்புப் போட்டால் எண்ணெய் போகுமா? போகவில்லை.

சாயங்காலம் ஆட்டம். அந்த ஊர் வெக்கை உங்களுக்குத் தெரியாது, பவானி அக்னி நட்சத்திரம்தான். அரங்கத்தில் ஏசியும் கிடையாது. வியர்க்க வியர்க்க உடம்பில் ஊறிய எண்ணெயெல்லாம் வெளியே வந்திருக்கிறது. பிடித்த பந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. துண்டால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்ததாம். எதிரணிக்காரன் ஒருவன் கை கொடுத்துவிட்டுத் தன் கையை நிஜாரில் துடைத்துக்கொண்டானாம். கிளப்புக்குப் பணம் போடுகிற பெரிய மனிதர்கள் எல்லாம் அன்றைக்குப் பார்த்து முன்வரிசையில். கடைசி நிமிஷத்தில் ஜெயிக்க வேண்டிய பந்து மாப்பிள்ளை கையில் வந்தது. வந்து, போயிற்று. மறுநாளே கோச் கூப்பிட்டு, உனக்குக் கை போய்விட்டது, அமெரிக்காவில் ஒருவனிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், நவம்பர் கடைசியில் முடிவு சொல்கிறோம் என்றுவிட்டார்.

அடுத்த நாள் வான்மதி என் ஆபீசுக்கு போன் பண்ணினாள். அழுதாள். "அப்பா, அம்மாகிட்ட சொல்லாத. டெரல் சொல்லக்கூடாதுன்னு ப்ராமிஸ் வாங்கிட்டாரு. கோச் என்னாச்சுன்னு கேட்டப்ப எண்ணெய் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, அப்பா. தட்ஸ் ஆன் மீ, கோச், தப்பு என்னோடதுதான், அப்படின்னு மட்டும் சொன்னாரு. யுவர் மாம் வுட் ஃபீல் டெரிபிள்ங்கறாரு." மச்சான், என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பிழைப்பு தப்பியிருக்கும். மாமியார் மனசு நோகும் என்று அதை அவர் சொல்லவில்லை. கல்யாணத்தன்று தாரை வார்த்தபோது கூட எனக்கு அவர் அந்நியராகத்தான் தெரிந்தார். அன்றைக்கு ஆபீஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவரை நான் மாப்பிள்ளையாக நினைத்தேன்.

அதனால் எல்லாம் முடிந்த மாதிரிதான். மாதக் கடைசியில் சீட்டுக் கிழியும், இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். மாடி அறைக்கு நானே பெயிண்ட் அடித்துவிட்டேன். ஏழரை அடிக்குக் கட்டில் ஒன்று சொல்லி, அது துண்டு துண்டாக வந்து இறங்கியிருக்கிறது. எதற்கு என்று தனபாக்கியம் கேட்டாள். விருந்தாளி யாராவது வந்தால் என்றேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், மகள் வருகிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவும் இல்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன். எண்ணெயால்தான் போயிற்று என்பது உங்கள் தங்கைக்கு எந்தக் காலத்திலும் தெரிய வேண்டாம். தாங்கமாட்டாள், ஒன்றும் அறியாதவள். அதோ, பிரசாதத் தொன்னையோடு வருகிறாள். முடிக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. முனியப்பன் என்று கேட்ட டெய்லருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
சேனாபதி

பின்குறிப்பு:

அண்ணா, தனபாக்கியம் எழுதறேன். கார் சீட்டுக்கடியில இந்தக் காயிதம் கிடந்துது, படிச்சேன். உங்க மச்சான் கண்ணுக்கு நான் ஒண்ணும் அறியாதவ. தெனமும் காலையில அத்தன நம்பரும் படிச்சுக் காட்டினா எனக்கு ஏறாதுங்களா? ரெண்டு ஆட்டம் மோசமாப் போனா அனுப்பிச்சிருவான்னு சொன்னது அவருதான். அன்னிக்கு ஆட்டம் இருக்குதுன்னும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையில நல்லா தேய்க்கச் சொன்னேன். எம்பொண்ணு ஊட்டுக்கு வரோணும், அவ்வளவுதான் நெனச்சேன்.

ஆனா அந்தப் பையன் என்னையக் காட்டிக் குடுக்காம வாய மூடிட்டு நின்னாருன்னு, மகன் சொல்லித் தெரிஞ்சு சம்பந்தியம்மா போன வாரம் சொன்னாங்க பாருங்க, அதுக்கப்பறம் எனக்குச் சோறு தண்ணி எறங்கல. பிரிட்ஜ் மேல வான்மதி ஒட்டி வெச்சிருந்த கிளப்பு நம்பருக்கு நானே போன் பண்ணி, "கோச், மை சன் இன் லா ஹேண்ட் குட். மை ஆயில் பேட்"னு சொன்னேன். அவுரு மறுக்கா ஒருதரம் சொல்லச் சொன்னாரு. அப்பறம் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

இன்னிக்குக் காலைல வான்மதி போன் பண்ணினா. மாப்பிள்ளைய நிறுத்தல. அடுத்த வருசத்துக்கும் சேத்துக் கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்களாம். அவ கொரல்ல அத்தன சந்தோசம். இந்தத் தீபாவளியும் இல்ல, அடுத்த தீபாவளியும் இல்ல.

உங்க மச்சானுக்கு இன்னும் சொல்லல அண்ணா. மேல அந்த நீளக் கட்டிலுக்குத் திருகு முடுக்கிட்டு இருக்காரு. முடிச்சுட்டு எறங்கி வரட்டும்.