இரண்டு தரம் பிறந்த வருடம்

அளவெட்டியில் முழங்கால் நோவோடும் குறையாத கோபத்தோடும் இருக்கும் பெரிய மாமிக்கு, கொக்குவிலிலிருந்து ஆரபி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். எங்கள் வீட்டிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே நடந்ததைக் கடிதமாக எழுதச் சொல்லி அப்பாவின் கட்டளை.

வருடப் பிறப்பன்று, "ஆரடி கேற்றடியிலை?" என்று அப்பா கேட்டார். அண்ணை என்று நான் சொல்லவில்லை. ஜெசிதா அண்ணியும் குழந்தையும் கூட நிற்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. "பாத்திட்டு வாறன்" என்று போய்க் கேற்றைத் திறந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா? குருநகர் வேதக்காரப் பிள்ளையைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அண்ணையோடு அப்பாவுக்குக் கதை இல்லை. "புது வருசத்திலை உவன்ரை முகத்திலை முழிக்கமாட்டன்" என்று இந்த முறையும் சாமியறையில் சபதம் செய்திருந்தார். "முதலிலை பிள்ளையைக் கூப்பிடு, பிறகு நான் வாறன்" என்று நீங்களும் அளவெட்டியிலேயே நின்றுவிட்டீர்கள். சும்மா நிற்காமல், வருடம் பிறக்கும் நேரத்தைச் சொல்லி அண்ணையையும் அனுப்பிவிட்டீர்கள். அங்கேதான் கணக்குப் பிழைத்தது மாமி. நீங்கள் வாக்கிய பஞ்சாங்கம், அப்பா திருக்கணிதம். உங்கள் வருடம் பிறந்து அப்பாவின் வருடம் பிறக்காத இடைவெளியில் அண்ணை வந்து நின்றார்.

அப்பா அப்போது கிணற்றடியில். தலையில் ஆலிலை, காலடியில் கொன்றையிலை, கையில் வருடப்பிறப்பு முழுக்குக்குக் கோயிலால் கொண்டுவந்த மூலிகை மருத்துநீர்ச் சட்டி. மருத்துநீரை வயதில் மூத்தவர்தான் தலையில் வைக்க வேண்டும், வருடாவருடம் வைக்கிற அக்கா நீங்களோ வரவில்லை, இலையை விட்டு இறங்கினால் எல்லாம் கெட்டுவிடும், ஆகவே அண்ணையைக் கண்டதும் வந்த கோபத்துக்கு அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை, தலையை ஆட்டினால் ஆலிலை விழுந்துவிடும் என்பதால், "ஆரைக் கேட்டு வந்தனீ?" என்பதைத் தேவாரம் படிப்பவர்போல அசையாமல் கேட்டார். அண்ணிக்கோ மூத்தவர் விதியை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மனிதர் உதவிக்கு ஆளில்லாமல் நிற்கிறாராக்கும் என்று நினைத்து, "தாங்கோ மாமா, நான் வைச்சுவிடுறன்" என்று சட்டியை வாங்கி அவர் தலையில் நீரை வைத்து, பிறகு பழக்கதோசத்தில் பெருவிரலைத் தோய்த்து அவர் நெற்றியில் ஒரு சிலுவையும் போட்டுவிட்டார்.

குழந்தை மட்டும் கைகொட்டியது. அண்ணி நாக்கைக் கடித்தார்.

"அழிச்சுவிடட்டே மாமா?"

"மருத்துநீரை அழிக்கிறதோ? குளிக்கேக்கை போகும்" என்றார் அப்பா.

குசினிக்குள்ளிருந்து அம்மா, "இப்ப ரெண்டு பக்கத்துக் காவலும் இருக்கு. இனியாவது உந்த வாய் குறையுதோ பாப்பம்" என்றார்.

குளித்து வந்த அப்பா, வருடம் பிறக்க முதல் எல்லோரும் சாப்பிட்டு எழும்பி, அண்ணை புறப்பட்டுவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அதுவரை பழைய வருடம், சபதம் செல்லாது என்பது அவர் கட்சி. ஆனால் பேர்த்தி அவர் மடியில் நித்திரையாகிவிட்டாள், எழுப்ப அவருக்கு மனமில்லை, மணிக்கூடும் நிற்கவில்லை. நேரம் வந்ததும் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தடவித்தடவி அண்ணைக்குக் கைவிசேடக் காசு கொடுத்தார். அண்ணை காலில் விழுந்தார். ஆசீர்வதிக்கத் தலையைத் தேடிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னடா, மயிரெல்லாம் கொட்டிப்போச்சு? எண்ணெய் வைக்கிறேல்லையோ?"

கண்ணை மட்டும் திறக்கவில்லை.

ஆகவே சபதம் கெடவில்லை, மகனோடு தான் சேரவுமில்லை, அக்கா வென்றதாக நினைக்க வேண்டாம் என்று அப்பா எழுதச் சொல்கிறார். முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் எல்லோருடைய அன்பும் உங்களுக்கு.

மருமகள்,
ஆரபி

பி.கு: இதைச் சொல்லி முடித்த கையோடு அப்பா, சைக்கிள் கரியரில் பலகாரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு குருநகருக்கு, அண்ணை வீட்டுக்குப் போனார். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதான் போனார். பின்னேரம் அண்ணி எங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னார். அப்பா அங்கே சாப்பிட்டுவிட்டுப் பேர்த்திக்குப் பக்கத்தில் படுத்து நித்திரையாம்.