கோட்டையில் ஓட்டை

"மேல் வரி தெளிவா தெரியுதா?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"தெரியுது. கீழ் வரியும் தெரியுது. அந்தச் சேனாதிபதிக்கு ஒரு கைதானே? நேத்து எப்படி ரெண்டு கையாலயும் முரசு அடிச்சான்? அதுதான் தெரியல" என்றார், சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பல் டாக்டர்.

கடைக்காரர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்தார். துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தார்.

'ஏழாம் கோட்டை' டிவி தொடரை எழுதுவது அவருடைய மனைவி. டிராகன், சூனியக்காரி, பேசும் கதவு என்று ஊரே வாயைப் பிளந்து பார்க்கிற தொடர். பார்த்த ஊர், மறுநாள் காலையில் கண் பரிசோதனை என்ற சாக்கில் கடைக்கு வந்துவிடும்.

சேனாதிபதியின் வலது கை போன மாதமே போரில் துண்டாகி விழுந்தது. அந்தக் கைக்கு மட்டும் ஒரு எபிசோட் முழுக்க இறுதி ஊர்வலம் நடந்தது. மறுக்க வழியே இல்லை.

"கவனிக்கலையா டாக்டர்? பௌர்ணமி அன்னிக்கு அந்தக் கை முளைக்கும். சூனியக்காரி கொடுத்த வரம்."

"வரம் கொடுத்ததைக் காட்டவே இல்லியே?"

"எல்லாத்தையும் காட்டிட்டா அப்புறம் அது என்ன சூனியம்?"

பல் டாக்டர் சோதனைச் சட்டத்தைக் கழற்றினார். "அடடே!" என்று தொடையில் தட்டினார். கண்ணாடி வாங்காமலே எழுந்து போனார்.

கடைக்காரருக்குப் பொய் சொல்வதில் ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் மனைவியை ஒருவர் ஒரு வார்த்தை குறை சொல்ல அவருக்குப் பொறுக்காது. அவள் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். சேனலோடு ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து, காலையில் போனால் மாலையில் பிழிந்து போட்ட துணி மாதிரி வருவாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நாற்காலியில் விழுவாள்.

அன்றும் விழுந்தாள். "கடையில யாராவது ஏதாவது சொன்னாங்களா? அந்தக் கை விஷயமா?"

"ஒருத்தர் கேட்டார். விளக்கிச் சொன்னேன். அசந்து போயிட்டார்."

"அசந்து போயிட்டாரா?" அவள் முகம் தொங்கிப்போனது.

பாவம், அவ்வளவு களைப்பு என்று நினைத்துக்கொண்டு அவர் காபி போடப் போனார்.

மறுவாரம் அதே சேனாதிபதி, கும்மிருட்டு அமாவாசையில், இரண்டு கைகளாலும் கயிறு பிடித்துக் கோட்டைச் சுவர் ஏறினான். காலையில் கடை திறப்பதற்கு முன்பே ஓய்வுபெற்ற நீதிபதி வாசலில் நின்றார்.

"நீங்க மாட்டிவிட்ட கண்ணாடியாலதான் பார்த்தேன். மங்கலா தெரிஞ்ச வரைக்கும் கதை நல்லாத்தான் இருந்தது. பௌர்ணமிக்கு முளைக்கிற கை அமாவாசையில எப்படி வந்தது?"

பல் டாக்டர் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார் என்று புரிந்தது. வாய் கொடுத்தாயிற்று, இனிப் பின்வாங்க முடியாது.

"அந்த நாட்டுக்கு ரெண்டு நிலா சார். ஒண்ணுக்கு அமாவாசைன்னா இன்னொண்ணுக்குப் பௌர்ணமி."

"சாட்சியம்?"

"மலைக்குப் பின்னாடி இருக்கு. அதனால கேமராவுல விழல."

நீதிபதி தாடையைத் தடவினார். "சந்தேகத்தின் பலனைக் கொடுக்கிறேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் மனைவியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். "கொஞ்சம் பார்த்து எழுதக்கூடாதா?"

"நல்லா பார்த்துத்தான் எழுதுறேன்" என்றாள். அவள் குரலில் இருந்த உறுதி அவரைக் கலங்கடித்தது.

கலக்கம் வீண்போகவில்லை. அடுத்த வாரம் மகாராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து தும்மினார். டிராகன் அவரை முழுசாக விழுங்கி, ஏப்பமும் விட்டு, மூன்று எபிசோடுகள் ஆகியிருந்தன.

கடையில் நிற்க இடமில்லை. ஒருவருக்கும் கண்ணாடி வேண்டாம், விளக்கம்தான் வேண்டும். கல்லூரி மாணவி ஒருத்தி முன்வரிசையில் நின்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கடைக்காரர் ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தார். "ரெண்டு நிலா இருக்கிற நாட்டுல எல்லாருக்கும் ரெண்டு உயிர்."

"அப்படின்னா மகாராஜாவை டிராகன் விழுங்கினப்ப மகாராணி ஏன் மயங்கி விழுந்தாங்க?"

"போனது முதல் உயிரா ரெண்டாவதான்னு தெரியாம."

கூட்டம் கைதட்டியது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் கேட்கிறார்கள், முடிவெட்டுகிற இடத்தில் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். உயிர் எத்தனை, நிலா எத்தனை, கை எந்தக் கை என்று மனதுக்குள் ஒப்பித்தபடியே வேலை பார்த்ததில், வலக்கண் லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு படியில் தடுக்கி விழுந்த மனிதர் திரும்பி வந்து, "இதுவும் சூனியமா?" என்று கேட்டார்.

ஆனாலும் வீட்டில் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று தினமும் சொன்னார். சொல்லச் சொல்ல மனைவி இளைத்துக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை வந்திருந்தாள். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சேனலிலிருந்து போன் வந்தது. மனைவி "சரி... சரிங்க..." என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"நீங்க பேசினது எல்லார் போன்லயும் ஓடுதாம். எந்த ஓட்டையையும் இப்ப யாரும் ஓட்டைன்னே சொல்றதில்லையாம். தொடரை இன்னும் நாலு வருஷம் நீட்டிச்சிட்டாங்க."

கடைக்காரருக்குக் கண் நிறைந்தது. இத்தனை நாள் பட்ட அவதி எல்லாம் வீண்போகவில்லை.

மனைவி தட்டைத் தள்ளிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி விசும்பல் கேட்டது.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் தங்கையிடம், பெருமையாக.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "பேசுற கதவு நேத்து ஊமையா நின்னுதே, அது எப்படிங்க?"

கடைக்காரர் கையைக் கழுவிக்கொண்டு, தொண்டையைச் செருமினார். "அது ஒண்ணுமில்ல, கதவுக்கும் ரெண்டு..."

தங்கை பாய்ந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"அத்தான், உங்க கால்ல விழறேன், வாயைத் திறக்காதீங்க! சேனலே நிறுத்தினாத்தான் இந்த ஒப்பந்தத்துலேருந்து தப்பிக்க முடியும்னு அக்கா ராப்பகலா யோசிச்சு யோசிச்சு ஓட்டை போடுறா, நீங்க ஒவ்வொண்ணா அடைச்சுக்கிட்டே வர்றீங்க!"