நேர்காணலுக்கு முன் மென்ற இலை

வாயால் கெட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. பேச்சே வராமல் வாயால் கெட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் இயற்கைக் காட்சியகத்தில் வழிகாட்டி வேலை. அந்தக் காலத்து இயற்கை ஆய்வாளர்கள் காடு மலையெல்லாம் அலைந்து என்னென்ன கண்டுபிடித்தார்கள் என்று வருகிறவர்களுக்கு ஓயாமல் கதை சொல்ல வேண்டும். நான் இதற்கென்றே பிறந்தவள் என்று எங்கள் கரமனைத் தெருவே சொன்னது (பாராட்டாக இல்லை). கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் மாமாவின் பாத்திரக் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

கடைசிச் சுற்றில் இரண்டே பேர். நானும், வித்துராவிலிருந்து வந்த சுகுமாரன் என்பவனும். வராந்தாவில் காத்திருந்தபோது அவனைக் கொஞ்சம் மிரட்டி வைக்கலாம் என்று தோன்றியது.

"அந்தக் காலத்து ஆளுங்க தெரியாத செடியைப் பார்த்தா இலையைக் கிள்ளி மென்னு பார்ப்பாங்க, தெரியுமா? உயிரைக் கொடுத்துக் கண்டுபிடிச்சாங்க!" என்றபடி, பக்கத்துத் தொட்டியில் வெள்ளைப் புள்ளி போட்ட இலையைக் கிள்ளினேன்.

"ஐயோ, அது வேண்டாம் கேட்டோ!" என்று மலையாளம் கலந்து பதறினான்.

வேண்டாம் என்றால் விடுகிற ஆளா நான்? மென்றேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாக்கெல்லாம் ஊசி. துப்பினேன், எச்சில் நிற்கவில்லை. உதடு இட்லி மாவாகப் பொங்கியது. அந்த நேரம் பார்த்தா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட வேண்டும்?

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவிலிருந்த அம்மாள், "இஷ்டப்பட்ட ஒரு ஆய்வாளரைப் பத்திப் பறயூ மோளே," என்றார்.

"ழா... ழ்ழா..."

மனப்பாடம் செய்தது அத்தனையும் தொண்டையில் நின்றது. மூச்சும் அங்கேயே நின்றுவிடுமோ என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சுகுமாரன் உள்ளே ஓடி வந்தான். "மேடம், அவங்க தொட்டி இலையைத் தின்னுட்டாங்க!"

"எண்ட ஈஸ்வரா! தின்னா பேச்சு நின்னு போகுமே! ஆட்டோ விளிக்கூ!" என்று ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லி அலறினார் அம்மாள்.

ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு நான் கிடந்தபோது, அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இலையைத் தின்று பார்த்த ஓர் ஆய்வாளரை இன்றைக்கே நேரில் கண்டதாகச் சொல்லி, என் கதையை விஸ்தாரமாக எடுத்துவிட்டானாம் பாவி. வேலை அவனுக்கு. பாத்திரக் கடை எனக்கு.

ஆனால் ஒரே ஒரு தம்ளர் வாங்க மாதாமாதம் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தான். அவன் வீட்டு அலமாரி நிறையும் அளவுக்குத் தம்ளர் வாங்கியபோது மாமாவுக்கே விஷயம் புரிந்துவிட்டது. (இனி 'அவர்' என்று எழுதுகிறேன். வீட்டில் படிப்பார்கள்.)

இன்றும் நான் குரலை உயர்த்தினால் அவர் மகளைப் பார்த்து, "மோளே, அந்த வெள்ளைப் புள்ளிச் செடி எங்க கிட்டும்?" என்பார்.

"நர்சரியில கேட்டாச்சுப்பா. அம்மா பேரைச் சொன்னதும், தர மாட்டோம்னுட்டாங்க."