டைரக்டரியில் கிடைத்த தாய்மாமன்

கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தட்டினால் ஆள் கிடைத்துவிடும் என்று என் மகள் பெருமையடிக்கிறாள். எண்பதுகளில், கம்ப்யூட்டர் இல்லாமலே நான் ஓர் ஆளைக் கண்டுபிடித்தேன். என்ன, நான் தேடிய ஆள் அவர் இல்லை.

ஈப்போவில் தங்கை சாந்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மேடையேற்ற மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மாவின் ஒரே தம்பி பெருமாள், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ரப்பர் தோட்டத்தை விட்டுப் போனபோது எனக்கு நான்கு வயது. கல்யாணம் நிச்சயமான வருடம் இருபத்திரண்டு, ஆபீஸ் வேலை, கழுத்தில் டை. “நான் புடிச்சிக்கிட்டு வாரேன்” என்று சவால் விட்டேன்.

தபால் நிலையத்தில் இருந்த பேராக் டெலிபோன் டைரக்டரியில் பதினான்கு கே. பெருமாள்கள். (பால்மரம் வெட்டிய மனிதரிடம் போன் எப்படி இருக்கும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.) பதினான்கு பேருக்கும் ஒரே கடிதம் எழுதினேன்: “அன்புள்ள மாமாவுக்கு, அக்கா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். உங்கள் கையால் மாலை விழாமல் கல்யாணம் இல்லை. இப்படிக்கு, மருமகன்.” நாளையும் கோயில் மண்டபத்தையும் குறிப்பிட்டேன். அம்மாவின் பெயரை எழுதவில்லை. சொந்த அக்கா பெயர் தெரியாத தம்பி உண்டா என்ன?

கல்யாணத்தன்று காலை டாக்சியில் ஒருவர் வந்து இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் பட்டுப்புடவை, ரோஜா மாலை.

“பெருமாள் மாமாவா?” என்று காலில் விழுந்தேன்.

“எந்திரிய்யா மருமவனே” என்றார், என்னைத் தூக்கி நிறுத்தி.

மேளக்காரரை வாசிக்கச் சொல்லி, மண்டபமே பார்க்க அவரை அழைத்துப்போய் அம்மா முன்னால் நிறுத்தினேன். அவர் அம்மாவைத் தாண்டி யாரையோ தேடினார்.

“எங்கக்கா எங்க தம்பி?”

“யாருடா இவரு?” என்றார் அம்மா.

மேளம் நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். பாகான் செராய்க்காரர். அவரும் தன் அக்காவோடு பேசிப் பத்து வருடமாம். தினமும் எடுத்துப் படித்ததில் கடிதம் மடிப்பில் கிழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவமானம்கூட மறந்துபோனது. அந்த மனிதரின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

“மன்னிச்சிருங்கம்மா, நா கெளம்புறேன்” என்று திரும்பினார்.

“எங்கண்ணே போறீங்க? மாலை வாடுதுல்ல. வந்து போடுங்க” என்றார் அம்மா.

போட்டார். அவரும் அம்மாவும் அழுதார்கள். நான் சமையல்கட்டில் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த வாரமே அதே கடிதத்தோடு தாப்பாவில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் அவர். எங்கள் சொந்தப் பெருமாள் மாமா மூன்று மாதம் கழித்துக் கிடைத்தார். பக்கத்து ஊரான காம்பாரில்தான் இருந்தார். மாதாமாதம் எனக்கு முடிவெட்டியவருக்கே அது தெரிந்திருந்தது. (“கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா.”) மாமா வீட்டுக்கு வந்தார், கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார், தன் இடத்தில் வேறொரு பெருமாள் நிற்பதைப் பார்த்தார், மறுபடி கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போதும் என் மகள் யாரையாவது தேடி உட்கார்ந்தால் சாந்தி எச்சரிக்கிறாள்: “பாத்துத் தேடுலா. கெடைச்சவங்களத் திருப்பி அனுப்ப முடியாது. ஒங்கப்பன் டைரக்டரில புடிச்ச மாமாவுக்கு வருசா வருசம் தீபாவளிக்கு நாந்தான் ஆட்டுக்கறி பெரட்டுறேன்.”