ஒரு நாய்க்குட்டிக்குப் பல் முளைத்த வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக எதுவும் நடக்கவில்லை, ஒரு தரக் கட்டுப்பாட்டு மேலாளர் தம் வீட்டு நாய்க்குட்டிக்குப் பல் முளைப்பதை மேற்பார்வையிடத் தொடங்கும் வரை.

குட்டிக்கு நான்கு மாதம். பால் பல் விழுந்து நிரந்தரப் பல் வரும் பருவம். ஈறு நமைச்சல் தாங்காமல் செருப்பு வாரையும் நாற்காலிக் காலையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வீடாக இருந்தால் "சீ, போ" என்று விரட்டியிருப்பார்கள். மேலாளர் 'பல் முளைப்பு ஆதரவுக் குழு' அமைத்தார். தலைவர், அவரே. உறுப்பினர்கள், மனைவியும் ஏழு வயது மகளும். பயனாளி மேஜைக்கு அடியில் தலைவரின் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தது.

முதல் கூட்டம் ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் கூடியது.

"அப்பா, என் முன்பல்லு ஆடுது. தொட்டுப் பாருங்களேன்," என்றாள் மகள்.

"அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லம்மா. கடைசியில 'இதர விஷயங்கள்' வரும், அப்ப சொல்லு."

இதர விஷயங்கள் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஆடும் முதல் பல் அது. அதை அப்பாதான் பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்து, பள்ளியில் எல்லாரிடமும் சொல்லியும் விட்டிருந்தாள். பாவம், சின்னப் பெண்தானே, நிர்வாகம் தெரியாது.

மறுநாள் சுற்றறிக்கை வெளியாயிற்று. கடிக்கத் தக்கவை, கடிக்கத் தகாதவை, முன் அனுமதியுடன் கடிக்கத் தக்கவை என்று மூன்று பிரிவுகள். குட்டி அதை அன்றே தின்று தீர்த்தது. "கடைநிலை வரை சென்று சேர்ந்தது" என்று மேலாளர் கோப்பில் குறித்துக்கொண்டார்.

தினமும் மாலை ஆறரைக்கு டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் குட்டியின் வாயை ஆய்வு செய்தார். குட்டி அவர் மூக்கை ஆய்வு செய்தது. இதற்கிடையே மனைவி ஒரு ஈரத்துணியை முறுக்கி, ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போட்டாள். குட்டி அதைச் சவைத்தபடி பத்தே நிமிடத்தில் தூங்கிப்போனது.

"குழுவோட ஒப்புதல் வாங்கினியா?"

"நாற்காலிக்கு ஒரு கால்தான் மிச்சம் இருந்துச்சு. அதுகிட்ட கேட்டேன், சரின்னுச்சு," என்றாள் மனைவி. "அதை விடுங்க. பொண்ணு மூணு நாளா பல்லைக் காட்டணும்னு உங்க பின்னாடியே சுத்துறா."

"அடுத்த கூட்டத்துல கண்டிப்பா எடுத்துக்கலாம்."

வியாழக்கிழமை அந்த மகத்தான நிகழ்வு நடந்தது. மேலாளரின் கோப்பின் மீது, நட்டநடுவில், ஒரு குட்டிப் பல் கிடந்தது. பயனாளி தானே முன்வந்து பல்லைச் 'சமர்ப்பித்து' இருக்கிறது! மேலாளருக்குக் கண் கலங்கியது. பல்லை உறையில் போட்டு, 'மாதிரி எண் 1' என்று எழுதி, குடும்பத்தோடு கால்நடை மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாய்க்குட்டிப் பல்லு ஊசி மாதிரி இருக்கும் சார். இது தட்டையா இருக்கே."

"வளர்ச்சிக் குறைபாடா?"

"இல்ல சார். இது மனுஷப் பல்லு."

மேலாளர் தம் பற்களை நாக்கால் ஒரு முறை எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்போது அவர் சட்டையை இழுத்து, மகள் வாயைத் திறந்து காட்டினாள்.

"எப்பம்மா விழுந்துச்சு?"

"நேத்து. நானே புடுங்கிக்கிட்டேன். நீங்க பாப்பீங்கன்னு உங்க ஃபைல் மேல வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னேன்பா. அப்ப நீங்க நாயோட வாயைப் பாத்துட்டிருந்தீங்க."